சூட்டோடு அளக்காதீர்கள்

(பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த பிறகு நமது கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். – ஆசிரியர் குழு)



போன வாரம் நம் செயலாளர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க அமெரிக்காவுல இருபத்திரண்டு வருஷம் இருந்தவங்க. பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு அங்க இருக்கிற படிப்பைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அவர் மனதில் இருந்தது எம்.எஸ்., ஜி.ஆர்.இ., விசா இதெல்லாம்தான் என்று நினைக்கிறேன். நான் பேசப்போவது வேறு படிப்பு. நாற்பது வயதில், ஆபீஸ் முடிந்த பிறகு மாலை நேரத்தில், அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து நான் லேத் ஓட்டப் படித்தேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செயலாளர் சார் மன்னிக்க வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சி பிளாக், நான்காவது மாடி. தொழில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். பிறந்து வளர்ந்தது இதே கோவையில், கணபதியில். அப்பா அங்கே லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஷேப்பர், வேலைக்கு மூன்று பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கியமான வேலை. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. காலையில் மெஷின் சத்தம் கேட்டுத்தான் கண் விழிப்போம்.

ஆனால் பட்டறைக்குள் நான் போனதே இல்லை. வாசற்படி வரைக்கும்தான். "அம்மிணி, உள்ள வராத. முடி சிக்கிக்கும்" என்பார் அப்பா. எனக்கு இடுப்பு வரைக்கும் பின்னல். அது பயத்தில் சொன்னது, எனக்குப் புரியும். ஆனால் பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்கிற எண்ணமும் அதற்குள் இருந்தது. நீ படி, கரி கையோடு நிற்கிற வேலை உனக்கு வேண்டாம் என்பதும் இருந்தது. நானும் படித்தேன். 1999-இல் வேலை கிடைத்து கலிஃபோர்னியா போனேன்.

படியில் நின்று பார்த்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது அப்பாவின் ஒரு வார்த்தை. புதிதாக வந்த பையன்கள் ஷாஃப்டைக் கடைந்த கையோடு மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனால், "டேய், சூட்டோட அளக்காத" என்று அதட்டுவார். வீட்டிலும் அதையே சொல்வார். அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஏதாவது வாக்குவாதம் வந்தால், "சூட்டோட அளக்காதீங்க, ஆறட்டும்" என்பார். ரொம்ப நாளாக அதைக் கோபத்தைப் பற்றிய பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஓர் அர்த்தம் பட்டறைக்குள் இருக்கிறது என்று தெரியாது.

அடுத்து சொல்லப்போவதைத் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். எட்டாம் வகுப்பிலிருந்தே லீவு நாள் முழுக்கப் பட்டறையில்தான் இருப்பான். டூல் மழுங்கிவிட்டதா என்று மெஷின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். 2002-இல் அவனுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மார்க் குறைவு. அன்று ராத்திரியே நான் போன் செய்தேன். அப்பா சொன்னார்: "பாலிடெக்னிக்ல டூல் அண்ட் டை சேத்துவிடலாம் அம்மிணி. அவனுக்கும் அதுதான் இஷ்டம். சாயந்திரத்துல பட்டறையப் பாத்துக்குவான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தக் காலத்துல யாராச்சும் லேத் பிடிப்பாங்களாப்பா? ஊர்ல என்ன பேசுவாங்க? பணம் நான் அனுப்பறேன், இன்ஜினீயரிங் சேருங்க." இருபது நிமிஷப் பேச்சு. அதில் தம்பியிடம் நான் பேசியது "கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்பது மட்டும்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. நான்கு வருடப் படிப்பு அரியரோடு ஆறு வருடம் ஆனது. காலேஜைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு ஒத்துவராத இடத்தில் கொண்டுபோய் வைத்தது நான். இப்போது இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறான், குடும்பம் குழந்தைகள் என்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் பட்டறையைப் பார்க்க ஆள் இல்லை. 2010-இல் அப்பா அதை மூடினார். ஒரு லேத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது.

2013-இல் அப்பா இறந்துவிட்டார். காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மா ஒரு சின்ன மரப்பெட்டியைக் கொடுத்தார். அதற்குள் அப்பாவின் மைக்ரோமீட்டர். மிட்டுடோயோ, 0 முதல் 25 மில்லிமீட்டர் வரை அளப்பது. தினமும் சாயந்திரம் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெட்டியில் வைத்த பிறகுதான் கை கழுவப் போவார். அதை சான் ஹோசேவுக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்துக்கொண்டேன். அதைப் படிக்கத் தெரியாது.

அடுத்த வருடம் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜின் வகுப்புப் பட்டியல் தபாலில் வந்தது. புரட்டிக்கொண்டே போனால், சமையல், ஸ்பானிஷ் மொழி, கணக்கு, இவற்றுக்கு நடுவில் மெஷின் ஷாப் அறிமுக வகுப்பு. 3 யூனிட், வாரம் இரண்டு மாலை. அன்றைக்கே பதிவு செய்தேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன என்று இங்கே பலருக்கும் தெளிவாகத் தெரியாது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய வழக்கம் அது. அந்தந்த வட்டாரத்து மக்களுக்காகப் பொதுப் பணத்தில் நடப்பவை. இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். அல்லது வெல்டிங், நர்சிங், மெஷின் வேலை என்று ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் இன்று 116 இருக்கின்றன. பள்ளி முடித்தவரோ 18 வயதானவரோ யாராக இருந்தாலும் சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை, கட்-ஆஃப் இல்லை. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012-இலிருந்து அதே கட்டணம். என் வகுப்புக்கு 138 டாலர். இங்கிருந்து ஸ்டூடன்ட் விசாவில் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது, பல மடங்கு ஆகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் போனேன். இருபது பேர். பத்தொன்பது வயதுப் பையன்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், ராணுவத்திலிருந்து திரும்பிய ஒருவர், சைக்கிள் பிரேம் செய்ய ஆசைப்பட்ட ஒரு பெண், வியட்நாமிலிருந்து வந்து எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்த ஓர் அம்மா. வாத்தியார் பல வருடம் டூல் ரூமில் வேலை செய்தவர். அங்கே வாத்தியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் 'சார்'தான்.

முதல் பாடம் பாதுகாப்பு. அந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் மெஷின் பக்கம் போகலாம். தொண்ணூற்றொன்பது எடுத்தவர் திரும்ப எழுத வேண்டும். கண்ணாடி கட்டாயம். முழுக்கையைச் சுருட்டிவிட வேண்டும். சுற்றுகிற மெஷினில் கையுறை போடவே கூடாது, துணியோடு கையையும் இழுத்துவிடும். சக் கீயை லேத்தில் மாட்டிவிட்டு ஒரு நொடிகூடக் கையை எடுக்கக் கூடாது. மறந்து மெஷினைப் போட்டால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். முடியைக் கட்டி உள்ளே செருக வேண்டும். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது.

கழுத்துச் சங்கிலி என்றால் எனக்குத் தாலிக்கொடி. வீட்டுக்கு வந்து கோவைக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கழட்டி சாமிகிட்ட வெச்சுட்டுப் போ. உங்கப்பா அரணாக்கொடி தவிர ஒண்ணும் போட்டுக்கிட்டுப் பட்டறைக்குள்ள போனதில்ல" என்றார். என் கணவர், "இதுக்குப் போயா ஐ.எஸ்.டி. போட்டே?" என்று சிரித்தார்.

மூன்று வாரம் மெஷினைத் தொடவே விடவில்லை. கையில் ஒரு அரம், ஒரு இரும்புக் கட்டி. நான்கு பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரும்வரை ராவ வேண்டும். மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மேடு பள்ளம் இருக்கிற இடத்தில் கோடாக வெளிச்சம் தெரியும். ராவினால் ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் கெடும். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ஆபீஸில் கீபோர்டு தட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு இரும்பு போகும் என்பதைக் கை கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் லேத்.

இப்போது அளவு பற்றிக் கொஞ்சம். இந்தப் படிப்பின் உயிர் அதுதான். நாம் வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டர் வரை பார்க்கலாம். தச்சர் 'நூல்' என்பார், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அமெரிக்க மெஷின் ஷாப்பில் இன்னும் அங்குலக் கணக்குதான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு 'தவ்'. நம் தலைமுடியின் தடிமன் சுமாராக மூன்று தவ். நாங்கள் ஒரு தவ்வுக்குள் வேலை செய்ய வேண்டும்.

மைக்ரோமீட்டர் அதை எப்படிக் காட்டுகிறது? உள்ளே இருப்பது ஒரு திருகுதான். அப்பாவுடையதில் ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றுகிற உருளையில் 50 கோடு போட்டிருக்கும். ஆக ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத தூரத்தை, சுற்று ஆக்கிக் கண்ணுக்குக் காட்டுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் போதும். எனக்கு இதைப் பத்தாம் வகுப்பில் யாரும் கையில் கொடுத்துக் காட்டவில்லை.

ஏழாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார். அலுமினியத் தண்டு. விட்டம் ஒரு அங்குலம். வரைபடத்தில் போட்டிருந்தது: 1.000-க்கு மேல் போகக் கூடாது, 0.999-க்குக் கீழே வரக் கூடாது. நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்துகொண்டே வந்தேன். நேரம் ஆகிக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். கடைசிச் சுற்று முடிந்ததும் மெஷினை நிறுத்தி அளந்தேன். 0.9995. எல்லைக்குச் சரியாக நடுவில்! ஒரே சந்தோஷம். தண்டைக் கழற்றி, பிசிர் எடுத்து, துடைத்து, பெயர் எழுதி, மேஜைக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை அளந்தேன். 0.9987. கீழ் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

இரும்பு வேலையில் அளவு கூடுதலாக இருந்தால் இன்னும் கடையலாம். குறைந்துபோனால் ஒட்ட முடியாது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. மைக்ரோமீட்டரை முழுதாக மூடாமல், லேசாகத் தொட்ட மாதிரி வைத்து மறுபடியும் படித்தேன். 0.9990 என்று வருகிற மாதிரி. தாளில் அதையே எழுதினேன். அப்போது எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். பிறர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். என் கையால் செய்த ஒரு துண்டு அலுமினியத்தில் பிழை வந்ததும் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன்.

வாத்தியார் வந்தார். தண்டைத் துடைத்தார். மைக்ரோமீட்டரின் கடைசியில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்து மூன்று 'டிக்' வரும்வரை திருப்பினார். அப்படித் திருப்பினால் யார் அளந்தாலும் ஒரே அழுத்தம்தான் விழும். 0.9987 என்றார். என் தாளைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எப்போது அளந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மெஷினை நிறுத்தியதும் என்றேன். "சூடாக இருக்கும்போது அளக்கக் கூடாது. ஆறட்டும்" என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குக் கணபதி பட்டறை வாசல் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். உலோகம் சூடானால் விரியும், இது நமக்கெல்லாம் பாடத்தில் வந்தது. ஆனால் எவ்வளவு? ஒரு அங்குல அலுமினியம் முப்பத்தைந்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் கிட்டத்தட்ட முக்கால் தவ் பெருத்திருக்கும். இரும்பு அதில் சுமார் பாதி. கடைந்த சூட்டில் என் தண்டு பெருத்து நின்று, சரியான அளவு மாதிரி காட்டியது. ஆறியதும் தன் உண்மையான அளவுக்கு வந்தது. அதனால்தான் உலகம் முழுக்க நுண்ணளவுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலை வைத்திருக்கிறார்கள். சூட்டில் பார்த்த அளவில் மைக்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. பார்த்த நேரம்தான் தப்பு.

அந்த வகுப்பறையில் ஒரு பலகை உண்டு. கெட்டுப்போன வேலைகளை அதில் ஆணியில் தொங்கவிடுவார்கள், கூடவே ஒரு அட்டை. உண்மையான அளவு என்ன, என்ன காரணம் என்று நம் கையெழுத்திலேயே எழுத வேண்டும். வாத்தியார் கெடுத்த வேலைகளும் இரண்டு அங்கே தொங்கின. என் தண்டையும் தொங்கவிட்டேன். அட்டையில், 'சூட்டில் அளந்தேன். தாளில் தப்பாக எழுதினேன்' என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் மட்டும் வந்து, தன் அட்டை நான்காவது வரிசையில் இருக்கிறது என்று காட்டினார்.

அன்றைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் செய்தேன். "அப்பா சொன்னது லேத்துல நெசமாவே அளக்கறதுக்காடா?" என்று கேட்டேன். "பின்ன எதுக்குன்னு நினைச்சே அக்கா?" என்றான். அவனுக்குத் தெரியும். நான்தான் ஒரு மார்க் ஷீட்டை அது வந்த ராத்திரியே கையில் எடுத்து அளந்து, ஒரு பையனின் அளவு இவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அதைப் போனில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது நேரில் சொன்னேன். "விடு அக்கா" என்றான்.

மொத்தம் நான்கு செமஸ்டர் படித்தேன். மில்லிங் மெஷின், கிரைண்டிங், வரைபடம் படிப்பது. வரைபட வகுப்பில் ஒன்று பிடித்தது. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று போட்டிருக்கும். சுத்தியல் கைப்பிடியின் நீளம் அரை நூல் கூடினால் ஒன்றும் ஆகாது. கைப்பிடி தலைக்குள் போய் உட்காருகிற இடத்தில் ஒரு தவ் கூடினால் போகவே போகாது. எல்லா இடத்திலும் ஒரு தவ் வேண்டும் என்று கேட்பவர் நல்ல இன்ஜினீயர் இல்லை, செலவை ஏற்றுகிறவர் என்பார் வாத்தியார்.

கடைசியாகத்தான் சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின். சாஃப்ட்வேர்காரி, இது எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை என்று நினைத்துப் போனேன். சில கன்ட்ரோலர்களில் 'ஒன்று' என்று அடித்துப் புள்ளி வைக்க மறந்தால், அது ஒரு அங்குலம் என்று எடுத்துக்கொள்ளாது. அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளிக்காக ஒரு மாலை முழுக்கப் போனது. அதனால்தான் முதலில் டூலை உயரத் தூக்கி வைத்து, வெறும் காற்றில் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார்கள். கை மெஷினில் படித்தவர்களுக்கு எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்த எனக்கும், கை மட்டும் தெரிந்த சிலருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை ஆகும் என்று புரிந்தது.

அப்பாவின் மைக்ரோமீட்டரையும் ஒரு நாள் எடுத்துப் போனேன். வாத்தியார் பெட்டியைத் திறந்து வாசனை பார்த்தார், எண்ணெய் வாசனை. அரை அங்குல கேஜ் பிளாக்கை வைத்து அளந்தார். மில்லிமீட்டரில் 12.70 வர வேண்டும். 12.70 வந்தது. "இதை வைத்திருந்தவர் நல்ல தொழிலாளி" என்றார். அப்பாவைப் பற்றி அமெரிக்காவில் ஒருவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

நான் மெஷினிஸ்ட் ஆகவில்லை. சர்டிஃபிகேட் வாங்கினேன், டெஸ்டிங் வேலைக்கே போனேன். கூடப் படித்த பையன்களில் மூன்று பேர் படிப்பு முடியும் முன்பே வேலைக்குப் போனார்கள். இந்த வேலையை நான் இனிப்பாக்கிச் சொல்ல விரும்பவில்லை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சத்தம், எண்ணெய், கூலன்ட் வாடை. கவனம் தப்பினால் விரல் போகும். நம் ஊரில் ஆரம்பச் சம்பளம் குறைவு. இஷ்டம் இல்லாத பிள்ளையை இதில் தள்ளினால், நான் தம்பிக்குச் செய்ததைத் திருப்பிப் போட்டு இன்னொரு பிள்ளைக்குச் செய்த மாதிரி ஆகும்.

ஆனால் இஷ்டம் இருக்கிற பிள்ளைக்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர் எல்லாம் இரண்டு வருடம். 1950-இலிருந்து நடக்கிற திட்டம். பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் டூல் டிசைன் நிறுவனம் 1968-இலிருந்து ஹைதராபாத்தில் இருக்கிறது, சென்னை கிண்டியிலும் அதன் கிளை உண்டு. அப்ரன்டிஸ் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது, உதவித்தொகையோடு கம்பெனியில் பழகலாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், சேரும் முன் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது பட்டறைக்குள் போய் மெஷின்கள் ஓடுகின்றனவா, பிள்ளைகள் கையில் அளவுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள்.

நாம் தினமும் பஸ்ஸில் 'ஹோப் காலேஜ்' ஸ்டாப்பைத் தாண்டிப் போகிறோம். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் பெயர் அது. அதைத் தொடங்கியதில் பெரும் பங்கு ஜி.டி. நாயுடுவுக்கு. இன்ஜினீயரிங் படிக்க நான்கு வருடம் வேண்டாம், இரண்டு வருடம் போதும் என்று அவர் வாதாடினார். அரசு ஏற்கவில்லை, விலகிவிட்டார். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு. ஆனால் கையால் வேலை செய்யத் தெரிந்தவர்களால் வளர்ந்த ஊரில், அந்த ஸ்டாப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே, "இந்தக் காலத்துல லேத்தா?" என்று கேட்கிறவர்கள் நாம். நானும்தான்.

ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ரிசல்ட் வந்து பத்து நாள்தான் ஆகிறது. நம் லிஃப்டில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தரைத் தளத்தில் பிள்ளை ஏறுகிறது, "எவ்வளவு மார்க்?" இரண்டாவது மாடியில் இன்னொருவர் ஏறுகிறார், "எந்த காலேஜ்?" ஐந்தாவது மாடியில் இறங்கும்போது அந்தப் பிள்ளை வேர்த்துப்போய் இறங்குகிறது. அதன் அப்பா அம்மா அன்றைக்கு ராத்திரியே முடிவு எடுக்கிறார்கள். சூட்டை ஏற்றுகிறவர்கள் நாம்தான். இந்த ஒரு மாதம் லிஃப்டில் அந்தக் கேள்வி வேண்டாம். தண்ணி லாரி வந்துச்சா என்று கேளுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் எப்படியும் அதைத்தானே பேசுகிறோம். பெற்றவர்கள், கவுன்சலிங் தேதி இருக்கிறது, அவகாசம் கொஞ்சம்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு வாரம் ஆறவிடுங்கள். பிறகு பிள்ளையை உட்கார வைத்து, உனக்கு எது இஷ்டம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். நான் செய்யாதது அதுதான்.

கடைசியாக ஒன்று. அங்கே கடைசிப் பாடமாக ஒரு சின்னச் சுத்தியல் செய்தேன். தலை, கைப்பிடி, கைப்பிடியில் வழுக்காமல் இருக்கக் குறுக்குக் கோடு, எல்லாம் என் கையால். நல்ல மார்க் வந்தது. 2021-இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது கொண்டுவந்தேன். அடுத்த பொங்கலுக்குத் தம்பி வந்தான். சுத்தியலை எடுத்தான். தலைப்பக்கம் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தினான். "இந்த இடத்துல டூலு அதிர்ந்திருக்குது அக்கா. டூலை வெளிய ரொம்ப நீட்டிப் பிடிச்சுட்ட" என்றான். வாத்தியார்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவன் மெஷினைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சுத்தியலையும் அப்பாவின் மைக்ரோமீட்டரையும் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் மேஜையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சாயந்திரம் நான்கு மணிக்கு இதே இடத்தில், மைக்ரோமீட்டரும் வெர்னியரும் படிக்கச் சொல்லித்தரலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகள், பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். பெண் பிள்ளைகள் கண்டிப்பாக வர வேண்டும், முடியைக் கட்டிக்கொண்டு. நம் மெயின்டனன்ஸ் தம்பிகளையும் அழைத்திருக்கிறேன், அவர்களில் ஒருவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவரும் என்னோடு சேர்ந்து சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அசோசியேஷன் ஆபீஸில் கொடுங்கள்.